சுவரில் எழுதப்பட வேண்டிய விதிகள்

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளன்று, அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் நலத்திட்டம் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்பட்டது. அதற்குப் பின்னால் நடந்த வேறொரு வேலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களைப் பல துறைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு, கள ஆய்வையும் ஓரளவு சேர்த்துக்கொண்டு, சில வாரங்களுக்குள் தகுதியுடையோர், தகுதியற்றோர் என இரண்டாகப் பிரித்த பெரும் கணினிப் பணி அது. தொடக்க நாளன்று 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பட்டியலில் இருந்தனர்; பட்டியலில் இல்லாத 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கப்படும் என்றும், 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

அல்காரிதம் எனப்படும் படிமுறை என்றவுடன் செயற்கை நுண்ணறிவு, மனிதரைப் போலச் சிந்திக்கும் இயந்திரம் என்றெல்லாம் கற்பனை விரிவது இயல்பு. ஆனால் ராஜகுளம் போன்ற ஒரு சிற்றூரில் வாழும் குடும்பத்தின் மாதச் செலவைப் பாதிக்கிற படிமுறை அத்தகைய மாயம் எதுவும் கொண்டதன்று. “இந்த நிபந்தனை பொருந்தினால் சேர், பொருந்தாவிட்டால் நீக்கு” என்ற கட்டளைகளின் வரிசையே அது. உரிமைத் தொகையின் தொடக்க விதிகளின்படி, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கரையோ புன்செய் 10 ஏக்கரையோ தாண்டக் கூடாது. வீட்டு மின்பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கார், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது. வருமான வரி செலுத்துவோராகவோ அரசு ஊழியராகவோ இருக்கக் கூடாது. இவை அனைத்தும் முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் பல திட்டங்களில் அந்த அளவு வெளிப்படைத்தன்மைகூட இருப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது விதிகளில் அன்று, அந்த விதிகளைச் சரிபார்க்கப் பயன்படும் பதிவேடுகளில். குடும்பம் என்பதை உணவு வழங்கல் துறை குடும்ப அட்டையை வைத்து வரையறுக்கிறது; மின்வாரியத்துக்குக் குடும்பம் என்று ஒன்று கிடையாது, இணைப்பு எண் மட்டுமே உண்டு; போக்குவரத்துத் துறைக்குத் தெரிந்தவர் வாகனத்தின் பதிவுச் சான்றில் பெயருள்ளவர்; வருவாய்த் துறைக்குத் தெரிந்தவர் பட்டாதாரர். ஒரே கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனிக் குடும்ப அட்டைகளோடும் ஒரே மின்மீட்டரோடும் வாழ்வது சிற்றூர்களில் வழக்கமானது. அங்கே இரு குடும்பங்கள் எரித்த மின்சாரம் ஒரு குடும்பத்தின் வசதியாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, விற்று ஆண்டுகள் கழிந்தும் பெயர் மாற்றப்படாத பழைய கார், கடன் தவணையில் வாங்கி வாடகைக்கு ஓட்டும் சரக்கு வண்டி ஆகியவற்றுக்கும் இதே கதை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்துக்காக உருவான பதிவேடுகளைப் பிணைத்து ஒரு முடிவை எட்டும்போது, ஒவ்வொன்றிலும் உள்ள சிறு பிழைகள் ஒன்றையொன்று பெருக்குகின்றனவே தவிரக் குறைப்பதில்லை.

இவற்றில் மிகவும் வேடிக்கையானது வாகன விதி. அரசுத் துறைகளின் மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பங்கள், அந்த வாகனம் இருப்பதாலேயே உரிமைத் தொகைக்குத் தகுதியற்றவை ஆயின. ஒரு துறை ஏழை என்று கருதிக் கொடுத்ததை மற்றொரு துறை வசதி என்று எண்ணியது. 2025ஆம் ஆண்டு ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் மீண்டும் விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது இந்த விதி தளர்த்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 17 லட்சம் பெண்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டு, பயனாளிகளின் எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்தை எட்டியது. அதற்கு முன்பே, முதல் கட்ட மேல்முறையீடுகளுக்குப் பிறகு, 2023 நவம்பரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டிருந்தனர். மேல்முறையீட்டு வழியைத் திறந்துவைத்ததும், தவறை ஒப்புக்கொண்டு விதியைத் திருத்தியதும் அரசின் பெருமைக்குரியவை. ஆயினும் அந்த ஏழு லட்சம் என்பது பொறுமையும் பேருந்துக் கட்டணமும் இருந்து இ-சேவை மைய வாசலில் நின்றோரின் எண்ணிக்கை. குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதோரும், அது வந்து சேர்ந்த கைப்பேசி மகனிடமோ கணவரிடமோ இருந்ததால் செய்தியையே அறியாதோரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இங்கே ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. எந்தச் சல்லடையைப் பயன்படுத்துவது என்பதற்கு முன்னதாக, சலிக்கத்தான் வேண்டுமா என்று அரசு கேட்டுக்கொள்ள வேண்டும். இதே மாநிலத்தில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு வருமானச் சான்று, ஆதார், மின்கட்டண அட்டை எதுவும் தேவைப்படவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறும் பெண் என்பதே தகுதி. 1997ஆம் ஆண்டு நடுவண் அரசு பொது வழங்கலை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோது தமிழ்நாடு அதைப் பின்பற்றாமல் அரிசியை அனைவருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அதனால் ஏழை என்று மெய்ப்பிக்க முடியாததால் அரிசி மறுக்கப்படும் அவலம் இங்கே பெருமளவில் எழவில்லை. அனைவருக்கும் கொடுப்பதில் வசதியுள்ள சிலருக்கும் பணம் போகும் என்பது உண்மை. ஆனால் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கும் விலை உண்டு; அந்த விலை அரசின் வரவு செலவு அறிக்கையில் தெரிவதில்லை, விலக்கப்பட்ட வீட்டின் அடுப்படியில்தான் தெரியும். 1,000 ரூபாயை அனைவருக்கும் கொடுக்க நிதியில்லை என்று அரசு சொல்வது நியாயமாகவே இருக்கலாம். அப்படியானால் சலித்தலின் பிழைக்கும் அந்த அரசே பொறுப்பேற்க வேண்டும்.

ஊரக வேலை உறுதித் திட்டமான நூறு நாள் வேலையில் தொழில்நுட்பம் நுழைந்த விதம் இதைவிடக் கடுமையான பாடம். ஏரி தூர்வாருவது, வரத்துக் கால்வாய் வெட்டுவது போன்ற பணிகளில் போலி வருகைப் பதிவைத் தடுப்பதற்காக, நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பொதுப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கியது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படமும் நான்கு மணி நேரம் கழித்து மற்றொரு படமும் எடுத்து, இடமும் நேரமும் பதிந்த நிலையில் பதிவேற்ற வேண்டும். அலைவரிசை கிடைக்காத ஏரிக்கரையில் இது எவ்வளவு எளிது என்பதை செயலியை வடிவமைத்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. படம் ஏறாவிட்டால் மண் சுமந்த கூலி கேள்விக்குறியாகும். அதே வேளையில் ஏமாற்ற நினைத்தோருக்கு இது தடையாகவும் இல்லை. 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், பணிக்குத் தொடர்பற்ற படங்கள், படத்தைப் பார்த்து எடுத்த படங்கள், படத்தில் உள்ள தலைகளுக்கும் பதிவேட்டுப் பெயர்களுக்கும் பொருந்தாத எண்ணிக்கை எனப் பலவகை முறைகேடுகள் பட்டியலிடப்பட்டு, ஊராட்சி அளவில் படங்கள் அனைத்தையும் மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. மனிதரை நம்பாமல் கொண்டுவந்த கருவியைக் காவல்காக்க மனிதரையே அமர்த்த நேர்ந்தது. ஏற்கெனவே வேலைப்பளுவில் தவிக்கும் ஊராட்சிச் செயலரின் தோளில் இன்னொரு பணி ஏறியது, அவ்வளவே.

கூலி கைக்கு வரும் வழியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமான ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில், தொழிலாளி கொடுத்த கணக்கு எண்ணுக்குப் பணம் போவதில்லை. அவருடைய ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். மகளிர் குழுவுக்காக ஒன்று, எரிவாயு மானியத்துக்காக ஒன்று எனக் கணக்குகள் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தம் கூலி எங்கே சேர்ந்தது என்றே தெரியாமல் போகலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் தமிழ் வழக்கத்துக்கும், முதற்பெயர், குடும்பப்பெயர் எனக் கட்டம் கட்டிய வடிவங்களுக்கும் இடையிலான பொருத்தமின்மை, வேலை அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயருமாகத் தலைகாட்டுகிறது. இத்தனைக்குப் பிறகும், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் வேலை நாட்களை 125 ஆக உயர்த்தும் உறுதியோடு, உயிரி அடையாளப் பதிவையும் செயற்கை நுண்ணறிவு வழியிலான முறைகேடு கண்டறிதலையும் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியிருக்கிறது. முந்தைய கருவியின் தோல்வியை ஆராய்வதற்கு முன் அடுத்த கருவியைச் சட்டமாக்குவது நல்ல நிர்வாகம் ஆகாது.

வெளிநாடுகளும் இத்தவற்றிலிருந்து தப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர் பெற்ற திட்டம், ஒருவருடைய ஆண்டு வருமானத்தை 26 இருவாரக் காலங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை பெற்ற வாரங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கருதி, பல லட்சம் பேருக்குத் தானாகவே கடன் அறிவிப்பு அனுப்பியது. தவறில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஏழைகள் மேல் விழுந்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை 2023இல் வெளியான அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை தெளிவாக நிறுவியது. நடவிலும் அறுவடையிலும் கூலி வந்து, இடைப்பட்ட மாதங்களில் வெறும் கையோடு இருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்து வேளாண் தொழிலாளிக்கு ஆண்டுச் சராசரி எவ்வளவு பொய் சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது தவறாகக் குற்றம் சாட்டப்பட்டதும், அதில் அயல்நாட்டுக் குடியுரிமை ஓர் ஐயக்குறியாக எண்ணப்பட்டதும் அம்பலமானபோது, 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. நம் நாட்டிலேயே, தெலங்கானாவில் கணினிச் சலித்தலின் மூலம் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் குடும்ப அட்டைகளைக் களத்தில் சென்று சரிபார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் ஆணையிட வேண்டியிருந்தது.

கடுமையான சரிபார்ப்பு வேண்டும் என்போர் பக்கமும் நியாயம் உண்டு. அதற்கான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் நிதித் திட்டத்தில் தாமாகவே பதிவு செய்துகொள்ளும் வழி திறக்கப்பட்ட பின், 2020இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றோர் சேர்க்கப்பட்டு 100 கோடி ரூபாய்க்கு மேல் போனது தெரியவந்தது. ஆனால் அங்கே தோற்றது கணினியன்று. அலுவலர்களின் கடவுச்சொற்கள் கைமாறி, இடைத்தரகர்கள் பட்டியலை நிரப்பினர். யார் எந்த நேரத்தில் எந்தப் பெயரைச் சேர்த்தார் என்பதற்கு ஒரு மனிதர் பதில் சொல்லும் ஏற்பாடு இல்லாத இடத்தில், உழவரிடம் இன்னொரு கைரேகை கேட்பதால் மோசடி நின்றுவிடாது.

பொறுப்பையும் நடைமுறையையும் பற்றிய இந்தக் கவலை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், மேடைகளில் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்ற புகழ்ச்சிக்குப் பயன்படும் அளவுக்கு உள்ளடக்கத்துக்காகப் படிக்கப்படுவதில்லை. ஒரு தேர்வுப் படிமுறையை, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஏமாற்று நிகழக்கூடும் என்று எண்ணிப் பார்த்து வகுத்த ஆவணம் அது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள் 30 குடும்புகளுக்கும் (ஊர்ப் பிரிவுகளுக்கும்) தனித்தனிக் கட்டுகளாகக் குடத்தில் இடப்படும். நம்பிமார் எனப்படும் கோயில் அர்ச்சகருள் முதியவர் ஒருவர் அனைவரும் காணுமாறு குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதிலுள்ள ஓலைகள் வேறொரு வெற்றுக் குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டு மீண்டும் ஒன்று எடுக்கப்படும். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க, அங்குள்ள நம்பிமாரும் படிப்பர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி தகுதி பெற முடியாது. இரண்டே ஆண்டுகளில், 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. நடைமுறையில் கண்ட குறையை ஒட்டித் திருத்தப்பட்ட விதியும் அதே சுவரில் ஏறியது.

இதை வைத்துப் பழம்பெருமை பேசிவிட முடியாது. பெண்களும், நிலமற்றோரும், பிராமணருக்குக் கொடையளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபைக்கு வெளியே இருந்த பெருவாரியான உழைப்பாளிகளும் அந்தக் குடத்துக்குள் நுழையவே முடியவில்லை. ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தபோது ஏரியை வெட்டிய கைகளின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. நடைமுறை வெளிப்படையாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு உத்திரமேரூரைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஆயினும் யாரை விலக்கினார்கள் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் படித்து விமர்சிக்க முடிவதற்குக் காரணம், விலக்கிய விதி கல்லில் இருப்பதே. இன்றைய மென்பொருளில் எந்தப் பதிவேடு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, பெயர் எத்தனை எழுத்து மாறினால் வேறு ஆள் என்று கொள்ளப்படும் போன்றவை எந்தச் சுவரிலும் இல்லை. அவை கணினிக்குள் மட்டுமே இருக்கின்றன.

சட்ட வழிகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, மக்கள் பயன்பாட்டுக்கு வரும் முன் இத்தகைய அமைப்புகளை வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், நேர்மை முதலிய அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என்கிறது; நல்ல கொள்கைதான். ஆனால் அதன் பெயரே அதன் எல்லையாகிவிட்டது. மின்மீட்டர் பட்டியலையும் குடும்ப அட்டைப் பட்டியலையும் பொருத்திப் பார்க்கும் எளிய நிரல் செயற்கை நுண்ணறிவு என்ற வரையறைக்குள் வராததால், சிற்றூர் மக்களைத் தொடும் பெரும்பாலான முடிவுகள் அந்த மதிப்பீட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நுட்பமான ஓட்டையைக் கொண்டது. மானியம், உதவித்தொகை வழங்குவதற்காக அரசு தனி ஒப்புதலின்றித் தரவைக் கையாள அது இடமளிக்கிறது. தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையையோ, ஒப்புதல் கொடுத்துப் பெறப்பட்ட தரவோடு சேர்த்துக் கட்டிவிட்டது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்ற 8(3)ஆம் பிரிவே மிஞ்சும் ஆறுதல்.

தனியார் துறையில் இதே கேள்விக்கு அண்டை மாநிலம் ஒருபடி முன்னேறிவிட்டது. உணவு, பொருள் விநியோகம் செய்யும் செயலித் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், கூலியையும் பணி ஒதுக்கீட்டையும் தீர்மானிக்கும் தானியங்கி முறைகளைப் பற்றித் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனங்கள்மேல் வைக்கிறது. 2023இல் செயலித் தொழிலாளர் நலவாரியம் அமைத்த தமிழ்நாடு அந்த அடுத்த படியை எடுக்கவில்லை. நிறுவனங்களிடம் கேட்கத் தயங்குவதற்கு, அதே கேள்வி தன்னை நோக்கியும் திரும்பும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

புதிய சட்டத்துக்காகக் காத்திராமல் இன்றே பயன்படுத்தத்தக்க பிரிவு ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4(1)(ஈ) என்னும் பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பது அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது. முடிவை எடுத்தது அலுவலரா கணினியா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. ‘மின்பயன்பாடு அதிகம்’ என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது. எந்த இணைப்பு எண், எந்த ஆண்டின் பயன்பாடு, எத்தனை யூனிட், அந்தப் பதிவைத் திருத்த எந்த அலுவலரை அணுகுவது என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது காரணம். விண்ணப்பதாரர் தவறைச் சுட்டிக்காட்டிய பின் மெய்ப்பிக்கும் சுமை துறைக்கு மாற வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் துறை பதிவை நிறுவ முடியாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெயர்களை வெளியிட்டு யாரையும் கூச்சப்படுத்தத் தேவையில்லை. தங்கள் ஊராட்சியில் எந்தக் காரணத்துக்காக எத்தனை விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன, எத்தனை மேல்முறையீடுகள் ஏற்கப்பட்டன, பணித்தளப் படம் ஏறாததால் எத்தனை நாள் கூலி நின்றது என்ற எண்ணிக்கையை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கக் கோரும் தீர்மானம் ஒன்றை, அடுத்த கூட்டத்தில் உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஏதேனும் ஓர் ஊராட்சியாவது நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும்.